கோழிக்கூண்டைத் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் தூக்கிக் கட்டுவது?

வீட்டுக் கொல்லையில் ஆறு கோழிகள் வளர்க்க, நான்கடிக்கு ஆறடி அளவில் மரக்கூண்டு செய்யப்போகிறீர்கள். கூண்டின் தரைப்பலகை மண்ணிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். தச்சர் ஓரடி போதும் என்கிறார். நான்கடி தூக்கினால்தான் எலியும் பாம்பும் ஏறாது என்கிறார் உங்கள் அண்ணன்.

உங்கள் அளவுக்கு இரண்டடியிலிருந்து இரண்டரை அடி வரை. தச்சர் சொல்லும் ஓரடியில் கோழி நுழையும், ஆனால் நீங்கள் நுழைய முடியாது. அண்ணன் சொல்லும் நான்கடி எலியைத் தடுக்காது, கூண்டைச் சுத்தம் செய்யும் உங்களைத்தான் படுத்தும். இந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போய் மரத்தை அறுத்துவிடாதீர்கள். உங்கள் மண், கோழியின் எடை, உங்கள் இடுப்பின் உயரம் இவற்றைப் பொறுத்து ஆறு அங்குலம் கூடவோ குறையவோ செய்யும். எது எதனால் மாறுகிறது என்று தெரிந்துகொண்டால் கடைசி அளவை நீங்களே குறித்துவிடலாம்.

முதலில், வைக்கவே கூடாத உயரம் ஒன்று இருக்கிறது: மூன்று அங்குலத்துக்கும் பத்து அங்குலத்துக்கும் இடைப்பட்டது. பெரும்பாலானவர்கள் முதல் கூண்டை வைப்பதும் அந்த உயரத்தில்தான். நானும் அப்படித்தான் வைத்தேன். மண்ணின் ஈரம் மரத்தில் ஏறாமல் இருந்தால் போதும் என்று இரண்டு வரி செங்கல் அடுக்கி அதன்மேல் கூண்டை உட்கார வைத்தேன். அடியில் ஆறு அங்குல இடைவெளி. சில மாதம் கழித்து ஒரு செம்பழுப்புக் கோழி முட்டையிடுவதை நிறுத்திவிட்டது. இறகு உதிர்க்கும் காலம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். பிறகு ஒருநாள் சாயங்காலம் கூண்டுப் பக்கம் போனால் அழுகிய நாற்றம். கன்னம் மண்ணில் படும்படி குப்புறப் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். எட்டாத மூலையில் மண்ணைக் குழித்து, அதில் முட்டைகள். நாலைந்து உடைந்து கிடந்தன. பக்கத்திலேயே புதுமண் தள்ளிய எலிவளை. கை நீட்டினால் முழங்கைவரைதான் போயிற்று. குச்சி போனது, ஆனால் உள்ளே திருப்ப முடியவில்லை.

கடைசியில் நாலு பேர் சேர்ந்து கூண்டையே தூக்கி நகர்த்த வேண்டியதாகிவிட்டது. கூண்டுக்குள் நான் பரப்பிய மரத்தூளையும் இறகையும் இழுத்துவந்து எலிகள் மெத்தை போட்டிருந்தன. தரைப்பலகையின் அடிப்பக்கத்தில் கட்டைவிரல் பருமனுக்குக் கடித்து, பாதி ஆழம் போயிருந்தது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் தூங்குகிற கோழியின் காலடியில் ஓட்டை விழுந்திருக்கும். அன்றைக்குப் புரிந்ததைத்தான் யார் கேட்டாலும் முதலில் சொல்கிறேன். ஒன்று, கூண்டுக்கு அடியில் இடைவெளியே இருக்கக் கூடாது. இருந்தால், உங்கள் கையும் குப்பை இழுக்கிற வாரியும் மறுமூலைவரை போக வேண்டும், கண்ணும் போக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் வைத்தால் எலிக்கு வீடு கட்டிக் கொடுத்ததாகிவிடும்.

எலி வெட்டவெளியில் தங்காது. முதுகுக்கு மேல் கூரையும் பக்கத்தில் ஒரு சுவரும் இருக்கிற இருட்டான இடத்தைத்தான் தேடும். ஆறு அங்குல இடைவெளியில் இரண்டும் கிடைத்துவிடுகிறது. பூனை நுழையாது, நாயும் நுழையாது, மனிதன் கையும் எட்டாது. எலி வந்தால் அதைத் தேடிப் பாம்பு வரும். அதே இடத்தை இரண்டடி தூக்கிவிட்டால் பகல் வெளிச்சம் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே போகும். பூனை நடமாடும், கோழிகளே நாள் முழுக்க அந்த மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும். வளை தோண்டினாலும் மறுநாளே உங்கள் கண்ணில் பட்டுவிடும். உயரம் தருகிற பாதுகாப்பு இந்த வெளிச்சத்தில்தான் இருக்கிறது.

அண்ணன் சொல்வதில் உள்ள பிழையும் இதில்தான். எலி ஏறக்குறைய மூன்றடி உயரம்வரை எம்பக்கூடியது. எம்பவே வேண்டாம், சொரசொரப்பான மரக்காலில் சரசரவென்று ஏறிவிடும். பாம்பும் ஏறும், மரநாயும் ஏறும். நான்கடி அல்ல, ஆறடி தூக்கினாலும் கால் மரமாக இருந்தால் அது ஏணிதான். இதோடு எல்லோரும் மறந்துபோகிற ஒன்று, கோழி ஏற நீங்கள் சாய்த்து வைக்கிற பலகை. அது இரவில் மண்ணைத் தொட்டுக்கொண்டு கிடந்தால் நீங்கள் தூக்கிய உயரம் முழுக்க வீண். கோழி அடைந்ததும் சாய்பலகையை மடக்கிக் கதவோடு கொண்டி போட்டுவிடுங்கள். கால் ஒவ்வொன்றுக்கும் மேல்பக்கத்தில் வழுவழுப்பான தகரத்தைக் கூம்பாகச் சுற்றினால் ஏறுகிற எலி அதற்குமேல் போகாது. ஆனால் எம்பித் தாண்ட முடியாத அளவுக்கு, அதாவது மூன்றடி உயரத்தில் அந்தத் தகரம் இருந்தால்தான் முழுப் பலன். இரண்டடிக் கூண்டில் தகரம் பாதி வேலைதான் செய்யும். மீதியை வலை செய்ய வேண்டும்.

வலை என்று சொல்லும்போது கவனம். அறுகோண ஓட்டை போட்ட மெல்லிய கோழிவலை கோழி வெளியே போகாமல் தடுக்கும், உள்ளே வருவதைத் தடுக்காது. நாயும் மரநாயும் பல்லால் இழுத்தே கிழித்துவிடும், எலி ஓட்டை வழியாகவே போய்விடும். காற்றுக்காக விடுகிற ஒவ்வொரு திறப்பிலும் அரை அங்குல ஓட்டையுள்ள வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைப் பற்றவைத்த கெட்டி வலை, அடியுங்கள். அதைவிடப் பெரிய ஓட்டை வேண்டாம், பெரிய எலியை அது தடுக்கும். சுண்டெலியோ ஒரு பென்சில் நுழைகிற சந்திலேயே நுழைந்துவிடும், அதனால் பலகைகளின் இணைப்புகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரவில் தீவனத் தட்டைக் கூண்டில் விடாதீர்கள். எலி முதலில் தேடி வருவது தீவனத்தைத்தான்.

இனி கோழியின் பக்கத்திலிருந்து பார்ப்போம். ஆறு கோழிக்குத் தலைக்கு நான்கு சதுர அடி என்று வைத்தால் கூண்டுக்குள் 24 சதுர அடி வேண்டும். உங்கள் கூண்டு சரியாக அவ்வளவுதான். வெளியே உலாவ அடைப்புக்குள் தலைக்குப் பத்து என்று 60 சதுர அடி. கூண்டை இரண்டடி தூக்கினால் அடியில் உள்ள 24 சதுர அடியும் இந்த அறுபதில் சேர்ந்துவிடும். சின்னக் கொல்லையில் இது பெரிய விஷயம். நடுத்தர எடையுள்ள கோழி கழுத்தை நீட்டி நின்றால் ஒன்றேகால் அடியிலிருந்து ஒன்றரை அடி இருக்கும், சேவல் இன்னும் உயரம். ஓரடி இடைவெளியில் அது குனிந்து நுழையும், படுக்கும், ஆனால் நடமாடாது. இரண்டடியில் தலை நிமிர்த்தி நடக்கும், சண்டை வந்தால் ஓடித் தப்பிக்கும்.

அந்த நிழலின் அருமை வெயில் காலத்தில் தெரியும். கோழிக்கு வியர்க்காது. முப்பது டிகிரி தாண்டினால் அலகைத் திறந்து மூச்சிரைக்கும், சிறகை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொள்ளும். அப்போது அது தேடிப்போகிற இடம் கூண்டின் அடியில் உள்ள மண்தான். மழைக் காலத்திலும் காய்ந்த மண் கிடைக்கிற ஒரே இடம் அதுவாகத்தான் இருக்கும். அங்கே குழிபறித்து, ஒருக்களித்துப் படுத்து, காலால் மண்ணை அள்ளி இறகுக்குள் தூவிக்கொண்டு புரளும். பேனும் உண்ணியும் அந்தப் புழுதியில்தான் உதிரும். அந்த இடத்தில் மட்டும் மண்ணை மூன்று நான்கு அங்குலம் மேடாக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் உள்ளே வடிந்து, புழுதி இருந்த இடம் சேறாகிவிடும்.

அடுத்தது நீங்கள். இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை, ஆனால் கூண்டு நீண்ட நாள் நல்லபடியாக இருக்குமா என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. சுத்தம் செய்யக் கஷ்டமான கூண்டை யாரானாலும் தள்ளிப் போடுவார்கள். எச்சம் தேங்கினால் அமோனியா கிளம்பும். கூண்டுக் கதவைத் திறந்ததும் உங்கள் கண் எரிந்தால், அதே காற்றை இரவெல்லாம் இழுத்த கோழியின் நுரையீரல் ஏற்கெனவே கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஆகவே சுத்தம் செய்கிற ஆளின் முதுகு நோகாத உயரம், கோழியின் ஆரோக்கியத்துக்கான உயரமும்கூட.

ஓரடி உயரக் கூண்டுக்கு மண்டியிட்டுத் தலையை உள்ளே விட வேண்டும். நான்கடி உயரக் கூண்டில் தரை உங்கள் மார்பளவுக்கு வந்துவிடும். கையைத் தூக்கிச் சுரண்டினால் காய்ந்த எச்சத்தூள் நேராக முகத்தில் கொட்டும், அதை மூச்சில் இழுப்பது நல்லதல்ல. தரைப்பலகை தொடைக்கும் இடுப்புக்கும் நடுவில் இருந்தால் இடுப்பை லேசாக வளைத்தாலே போதும். நான்கடி அகலத்துக்கு ஒரு பக்கம் மட்டும் கதவு வைத்தால் மறுபக்கம் கை எட்டாது. இரண்டு நீளப் பக்கத்திலும் கதவு வையுங்கள், அல்லது ஒரு பக்கச் சுவர் முழுதும் திறக்கிற மாதிரி கீல் போடுங்கள்.

என் இரண்டாவது கூண்டை நான் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியை வைத்து அளந்தேன். வண்டியைக் கொண்டுபோய்க் கதவடியில் நிறுத்தினால் கூண்டின் தரை வண்டியின் விளிம்பைவிட இரண்டு விரற்கடை உயரமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. அது இரண்டடி இரண்டு அங்குலம் வந்தது. இப்போது கதவைத் திறந்து, பலகைச் சுரண்டியால் பழைய மரத்தூளை நேராக வண்டிக்குள் இழுத்துவிடுகிறேன். கீழே கொட்டி மறுபடி அள்ளுகிற வேலை இல்லை. பத்து நிமிடத்தில் முடிந்துவிடுவதால் வாரம் தவறாமல் செய்ய முடிகிறது. வண்டி இல்லாவிட்டால் நீங்கள் எதில் அள்ளுவீர்களோ அந்தக் கூடையை, வாளியை வைத்து அளந்துகொள்ளுங்கள்.

தரையின் உயரத்தோடு மற்ற உயரங்களும் தொற்றிக்கொண்டு வரும். முட்டைப்பெட்டி தரையிலிருந்து அரையடி மேலே, கோழி அடையும் கட்டை அதைவிடக் கட்டாயம் உயரமாக, ஒன்றரை அடியில். கட்டை தாழ்ந்து பெட்டி உயர்ந்தால் கோழிகள் பெட்டியில் போய்த் தூங்கும், காலையில் முட்டையெல்லாம் எச்சத்தில் கிடக்கும். கட்டைக்கு மேல் ஒன்றரை அடி தலைக்கு, அதற்கும் மேலே காற்றுத் திறப்பு. தரை இரண்டடியில் ஆரம்பித்தால் கூரை ஐந்தரை, ஆறடியில் முடிகிறது. நான்கடியில் ஆரம்பித்தால் எட்டடிக்குப் போய்விடும், கூரைத் தகரம் மாற்ற ஏணி வேண்டும். வீட்டுக் குழந்தைகள் முட்டை எடுக்கிற வழக்கம் இருந்தால் பெட்டியின் மூடி அவர்கள் மார்பளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாய்பலகைக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. உயரத்தைப்போல் இருமடங்கு நீளம் வைத்தால் சரிவு முப்பது டிகிரி. இரண்டடிக்கு நான்கடிப் பலகை, மூன்றடிக்கு ஆறடி, நான்கடிக்கு எட்டடி. எட்டடிப் பலகையைத் தினமும் மடக்கி நிமிர்த்துவதை நினைத்துப் பாருங்கள். இடமில்லை என்று பலகையைக் குட்டையாக்கினால் சரிவு நாற்பத்தைந்து டிகிரியைத் தொடும். ஏறுவது கோழிக்குப் பிரச்சினையே இல்லை, சிறகடித்துக்கொண்டு ஏறிவிடும். இறங்குவதைத்தான் ஒருநாள் விடியலில் நின்று பார்க்க வேண்டும். வாசலுக்கு வந்து கழுத்தை நீட்டிக் கீழே பார்க்கும். ஒரு காலை முதல் சட்டத்தில் வைக்கும், எடுக்கும், திரும்பவும் வைக்கும். உடம்பு முன்னால் சாய்கிறது என்று தெரிந்ததும் நடக்காது. அப்படியே குதித்துவிடும். இலேசான கோழிக்குச் சிறகு தாங்கும். மூன்று கிலோவுக்கு மேலே போகிற கனத்த இனத்துக்குத் தாங்காது. கெட்டித் தரையில் தினமும் பொத்தென்று விழுந்தால் உள்ளங்கால் கன்றும். அதில் கிருமி புகுந்தால் பாதம் வீங்கி நடுவில் கறுத்த பொருக்கு கட்டும். ஒருமுறை வந்துவிட்டால் ஆற்றுவது பெரும்பாடு. உங்கள் கோழி கனத்த இனமாக இருந்தால் ஒன்றரை அடியிலிருந்து ஒன்றே முக்கால் அடிக்குள் நிறுத்திக்கொண்டு, கையெட்டாத குறையை நீளப்பிடி வாரியால் சரிக்கட்டுங்கள். எந்தப் பலகையானாலும் அகலம் பத்து அங்குலம், நான்கைந்து அங்குலத்துக்கு ஒரு ரீப்பர் (குறுக்கே அடிக்கிற மெல்லிய மரச்சட்டம்), கீழே இறங்குமிடத்தில் கொஞ்சம் மரத்தூளோ மணலோ.

கால்களைப் பற்றி இரண்டு சொல்ல வேண்டும். மரக்காலை நேரே மண்ணில் புதைக்காதீர்கள், மண்ணும் காற்றும் சந்திக்கிற அந்த விளிம்பில்தான் மரம் முதலில் உளுக்கும். கல்லோ காங்கிரீட் கட்டையோ வைத்து அதன்மேல் நிறுத்துங்கள். கரையான் உள்ள மண்ணானால் இதில் இன்னொரு லாபமும் உண்டு. கரையான் கால் வழியாக ஏற மண்குழாய் கட்டித்தான் ஆக வேண்டும், பென்சில் பருமனில் அந்தக் கோடு கல்லின்மேல் தெளிவாகத் தெரியும். பார்த்த அன்றே தட்டிவிடலாம். தாழ்ந்த கூண்டில் தரைப்பலகை உளுத்து விழுந்த பிறகுதான் தெரியவரும். மழைத்துளி மண்ணில் பட்டுத் தெறிப்பதும் ஏறக்குறைய ஓரடிவரை நனைக்கும். இரண்டடியில் இருக்கிற பலகைக்கு அந்தச் சேறு எட்டாது.

காற்று இன்னொன்று. காலை நீட்ட நீட்டக் கூண்டின் கனம் மேலே போகிறது, சுவர் கப்பல் பாய் மாதிரி காற்றை வாங்கும். என்னுடைய அளவுகோல் இது: கால் உயரம் கூண்டின் குறுகிய பக்கத்தில் பாதியைத் தாண்டினால், தரையில் காங்கிரீட்டில் பிணைக்காமல் விடுவதில்லை. உங்களுக்குக் குறுகிய பக்கம் நான்கடி, அதில் பாதி இரண்டடி. இரண்டரைக்குப் போனால் நான்கு காலையும் பிணைத்து, குறுக்கே பெருக்கல் குறிபோல் சட்டம் அடியுங்கள். புயல் அடிக்கிற இடமென்றால் இரண்டடிக்கே இதைச் செய்யுங்கள்.

மண் சரிவாக இருந்தால் அளவை மேட்டுப் பக்கத்திலிருந்து எடுங்கள். பள்ளத்திலிருந்து இரண்டடி அளந்து கட்டி, மேட்டுப் பக்கம் எட்டு அங்குலத்தில் போய் முடிந்த கூண்டைப் பார்த்திருக்கிறேன். அந்த எட்டு அங்குல மூலையில்தான் எலி குடியேறியிருந்தது. தண்ணீர் தேங்குகிற இடமானால், இதுவரை தேங்கியதிலேயே அதிகமான மட்டத்துக்கு மேல் ஓரடி, அதுவே உங்கள் குறைந்தபட்சம்.

தூக்கவே வேண்டாத கூண்டும் உண்டு. ஆள் நிமிர்ந்து நுழைகிற பெரிய கொட்டகை, இருபது முப்பது கோழி, தரையில் தடிமனாக உமியோ மரத்தூளோ போட்டு மாதக்கணக்கில் மக்கவிடுகிற முறை என்றால் மண்ணிலேயே கட்டுங்கள். அடியில் இடைவெளியே இல்லாதபடி தளம் போட்டோ, சுற்றிலும் வெல்டு மெஷை ஒன்றரை இரண்டடி வெளிப்பக்கமாக மண்ணில் படுக்கவைத்தோ தோண்டுகிற பிராணிகளைத் தடுத்துக்கொள்ளலாம். நாயோ நரியோ சுவரோரத்தில்தான் தோண்டத் தொடங்கும், காலடியில் வலை தட்டினால் விட்டுவிடும். கடுங்குளிர் உள்ள இடமென்றால் தூக்குவதில் தவறில்லை, ஆனால் குளிர்காலத்தில் காற்றடிக்கிற பக்கங்களைப் பலகையால் மறைத்து, வெயில் விழுகிற பக்கத்தை மட்டும் திறந்து வையுங்கள். கோழி குளிரைத் தாங்கும். ஈரமும் ஊதற்காற்றும் சேர்ந்தால்தான் தாங்காது.

மரம் அறுக்கும் முன் ஒரு சோதனை செய்துபாருங்கள். நான்கடிக்கு ஆறடியில் ஒரு பலகையையோ பழைய கதவையோ எடுத்துக் கல் அடுக்கி இரண்டடி உயரத்தில் வையுங்கள். சுரண்டியைக் கையில் பிடித்து நட்டநடுப் பலகையை எட்டுங்கள். பிறகு குந்தி உட்கார்ந்து வாரியை அடியில் விட்டு மறுமூலையைத் தொடுங்கள். எழுந்து நின்று வாளியைப் பலகையோரத்தில் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு வரிக் கல்லாகக் கூட்டி இரண்டரை அடிவரை இதையே திரும்பச் செய்யுங்கள். எந்த உயரத்தில் முதுகு இழுக்காமல் இந்த மூன்றும் முடிகிறதோ அதைத் தச்சரிடம் சொல்லிவிட்டு, கால்களை மட்டும் மூன்று அங்குலம் கூடவிட்டு அறுக்கச் சொல்லுங்கள். கூண்டை நிறுத்தி, சாய்பலகையை மாட்டி, கோழிகள் முதல் நாலு நாள் எப்படி இறங்குகின்றன என்று பார்த்துவிட்டு மிச்சத்தை அறுத்துக்கொள்ளலாம்.